கலிங்கத்துக் குமரி மலை: உதயகிரி, கண்டகிரியின் நிலமும் வரலாறும்

தமிழ்ச் சமணத்தின் பழைய வரலாறு பெரும்பாலும் மலைகளிலேயே எழுதப்பட்டுள்ளது. மாங்குளம், சித்தன்னவாசல், கழுகுமலை, திருநாதர்குன்று, திருமலை என அருகன் அடியார்கள் போற்றும் தலங்களை எண்ணத் தொடங்கினால், எண்ணப்படுபவை எல்லாம் குன்றுகளாகவே அமையும். அவை யாவும் கடினப் பாறையால் ஆனவை. உளி எளிதில் ஏறாத அக்கல்லில் முனிவர்கள் குகை குடையவில்லை. இயற்கை அமைத்துத் தந்த பாழியில் படுக்கை மட்டும் வெட்டிக்கொண்டு தவம் இயற்றினர். ஆனால் இதே காலத்தில், இதே அறத்தைப் பின்பற்றிய துறவோர், கலிங்க நாட்டில் முற்றிலும் வேறான கல்லில் வாழ்ந்தனர். புவனேசுவரத்திற்கு மேற்கே உள்ள உதயகிரி, கண்டகிரி என்னும் இரு மணற்கல் குன்றுகளே அவ்விடம். இரு நாட்டு வரலாறுகளையும் ஒப்புநோக்கினால், துறவோரின் வாழ்வைக் கல்லின் தன்மை எவ்வாறு வகுத்தது என்பது புலப்படும்.

தகடூர் நாட்டின் கல்

இந்த ஒப்பீட்டிற்குத் தகடூர் நாடு நல்ல தொடக்கம். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பழைய தகடூர் நாட்டில் அடங்கியவை. நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி வட்டாரத்தில் எத்திசை நோக்கினும், உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள் கண்ணில் படும். அவை நிலவுலகின் மிகப் பழைய பாறைகளைச் சேர்ந்தவை; அவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பூமியின் ஆழத்தில் வெம்மையாலும் அழுத்தத்தாலும் இறுகி, மேலிருந்த அடுக்குகள் அரிக்கப்பட்டபின் வெளிப்பட்டவை. வெயிலாலும் மழையாலும் இப்பாறைகள் பொடியாவதில்லை. விரிசல் வழியே பிளந்து, பெரும் பாளங்களாக விலகி நிற்கின்றன. அப்பாளங்களுக்கு இடையே உண்டாகும் நிழலிடமே பாழி.

தகடூரை ஆண்ட அதியமான் மரபினர் அத்தகைய பாழி ஒன்றைத் துறவோர்க்கு அளித்ததற்குக் கல்லே சான்று கூறுகிறது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழியைக் குறிக்கிறது. அசோகனின் 2ஆம் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், கேரளர் ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படும் சத்தியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் நிலவிய ஐயம் இக்கல்வெட்டால் நீங்கியது. பிற்காலத்திலும் தகடூரில் அறம் தழைத்தது. 9ஆம் நூற்றாண்டில் நுளம்ப மன்னன் மகேந்திரன் ஆட்சியில் அந்நகரில் சமணப் பள்ளி இருந்ததைத் தருமபுரிக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

இரு குன்றுகளின் அமைப்பு

ஒடிசாவின் கடற்கரைச் சமவெளி முடிந்து, மேற்கே காட்டு மேடுகள் தொடங்கும் எல்லையில் உதயகிரியும் கண்டகிரியும் அமைந்துள்ளன. உதயகிரியின் உயரம் ஏறத்தாழ 110 அடி. கண்டகிரியின் உயரம் ஏறத்தாழ 123 அடி. ஏறுவதற்கு அரிய மலைகள் அல்ல. முதியோரும் படிகள் வழியே மெல்ல ஏறிவிடலாம். இரண்டிற்கும் நடுவே ஒரு குறுகிய இடைவெளி உண்டு. இன்று அதன் வழியே சாலை செல்கிறது. உதயகிரி என்பது ஞாயிறு எழும் மலை என்றும், கண்டகிரி என்பது பிளவுண்ட மலை என்றும் பொருள்படும். இவை பிற்காலப் பெயர்கள். காரவேலன் கல்வெட்டில் இம்மலை குமரி மலை என்றே வழங்கப்படுகிறது.

நிலநூலார் இப்பாறையை ஆத்கட் மணற்கல் என்பர். இந்தியாவும் தென்கண்டங்களும் ஒன்றாக இணைந்திருந்த கோண்டுவானா நிலப்பரப்பின் பள்ளங்களில் ஆறுகள் கொணர்ந்து குவித்த மணல், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் படிந்து இறுகி இக்கல்லாயிற்று. தகடூர்ப் பாறையோடு ஒப்பிட்டால் இது மிக இளமையானது. பரும்பரும் மணியாக, பழுப்பு நிறத்தோடு, விரலால் தேய்த்தாலே உதிரும் இடங்களும் உடையது. தமிழ்நாட்டில் இதற்கு உறவான நிலம் இல்லாமல் இல்லை. திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையில் கல்மரங்கள் கிடைப்பது ஒரு மணற்கல் படிவில்தான். எனினும் அது காரவேலனின் குன்றுகளைவிட மிகவும் பிற்பட்டது. குகை குடையத்தக்க குன்றாகவும் உயரவில்லை.

மணற்கல்லுக்கு இரு குணங்கள் உண்டு. ஒன்று, உளிக்கு எளிதில் இணங்குவது. மற்றொன்று, நீரை உறிஞ்சுவது. முதற்குணம் உதயகிரியைச் சிற்பக் களஞ்சியமாக்கியது. இரண்டாம் குணம் அக்களஞ்சியத்தை ஈராயிரம் ஆண்டுகளாகக் கரைத்து வருகிறது.

காடும் நீரும் நகரும்

துறவோர்க்கு உறைவிடம் தேர்ந்தோர் கல்லை மட்டும் நோக்கவில்லை. மழைக்காலம் நான்கு திங்களும் முனிவர் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது நெறி. முளைக்கும் புல்லும் ஊரும் சிற்றுயிரும் நிறைந்த ஈர நிலத்தில் நடந்தால் உயிர்க்கொலை நேரும் என்பதே அதன் காரணம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மி.மீ. மழை பெய்யும் கலிங்கக் கடற்கரையில் இந்நெறியைக் காப்பதற்கு மழை நுழையாத உறைவிடம் இன்றியமையாதது. சமவெளி நீரில் மூழ்கும்போதும் குன்று உலர்ந்திருக்கும். மணற்பாங்கான நிலம் நீரை விரைவில் வடித்துவிடும்.

பிச்சைக்குச் செல்லும் தொலைவும் எண்ணத்தக்கது. இக்குன்றுகளுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் சிசுபால்கட் என்னும் பழைய கோட்டை நகரம் உள்ளது. 1948இல் தொடங்கிய அகழாய்வில் அங்கு அகன்ற மண்மதிலும் வாயில்களும் வெளிப்பட்டன. காரவேலனின் தலைநகரான கலிங்கநகரி இதுவே என அறிஞர் பலர் கருதுவர். நகரின் ஓசை எட்டாத் தொலைவிலும், இல்லறத்தார் வந்து அறம் கேட்டு மீளும் அணிமையிலும் குன்றுகள் இருந்தன. மதுரைக்கு வடக்கே உள்ள மாங்குளத்தையும், மேற்கே உள்ள சமணர் மலையையும் நினைவுகூர்ந்தால் அதே கணக்கு அங்கும் விளங்கும். காடும் வேண்டும், காட்டிலிருந்து நகர் காணவும் வேண்டும்.

குன்றுகளின் வடமேற்கே சந்தகா காடு விரிந்து கிடக்கிறது; யானைகள் வாழும் அக்காடு 1982இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குகைச் சிற்பங்களில் யானையும் மரமும் திரும்பத் திரும்ப வருவதற்குச் சிற்பிகளின் கண்முன்னே இருந்த காடே காரணமாகலாம். இன்றும் குன்றின் மரங்களில் கருமுகக் குரங்குகள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன.

குடைந்த பள்ளிகள்

தொல்லியல் துறையின் எண்ணிக்கைப்படி உதயகிரியில் 18 குகைகளும் கண்டகிரியில் 15 குகைகளும் உள்ளன. இவற்றுள் மிகப் பெரியது உதயகிரியின் ராணி கும்பா. நடுவே முற்றமும், மூன்று பக்கங்களிலும் இரு நிலைகளாக அறைகளும் முன்தாழ்வாரமும் கொண்டது. கட்டடம் கட்டுவோர் மரத்தில் செய்யும் விட்டம், வளைவு, வேலி ஆகிய அனைத்தையும் சிற்பிகள் கல்லில் செதுக்கியுள்ளனர். பாக் கும்பாவில் தனியே நின்ற பாறையொன்று வாய் பிளந்த புலித்தலையாக்கப்பட்டு, அதன் தொண்டையே அறையின் வாயிலாக அமைக்கப்பட்டுள்ளது. கண்டகிரியின் அனந்த கும்பாவில் வாயில் வளைவுகளின் மேல் நாகங்களும், வளைவுக்குள் திருமகள், ஞாயிற்றின் தேர், வேலி சூழ்ந்த மரத்தை வழிபடுவோர் ஆகிய காட்சிகளும் உள்ளன.

முகப்பு இத்துணை அழகுடையதாயினும் அறையின் உட்புறம் துறவின் கடுமையைக் காட்டுகிறது. கூரை மிகத் தாழ்வானது. பல அறைகளில் நிமிர்ந்து நிற்க இயலாது. உள்ளே அணி ஒன்றும் இல்லை. தரையின் பின்பகுதி சற்றே உயர்த்தப்பட்டுள்ளது. படுக்கும் முனிவர்க்கு அதுவே தலையணை. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கற்படுக்கைகளிலும் தலைப்புறம் இவ்வாறே உயர்ந்திருக்கும். கல் வேறு, நாடு வேறு, மொழி வேறு. முனிவரின் தலையணை மட்டும் ஒன்றே.

குடைவித்தோர் பட்டியலும் இரு நாடுகளுக்கும் ஒத்துச் செல்கிறது. மஞ்சபுரி குகையின் மேல்நிலையைக் காரவேலனின் பட்டத்தரசி கலிங்கத்துச் சமணர்க்காகக் குடைவித்தாள். அதன் கீழ்நிலையில் அரசன் ஒருவன் பெயரும் வடுகன் என்னும் இளவரசன் பெயரும் உள்ளன. புலிக்குகையை அளித்தவர் நகர நடுவர் ஒருவர். மாங்குளத்தில் நெடுஞ்செழியனின் அதிகாரியும் வெள்ளறை நிகமத்து வணிகரும் கற்படுக்கை அமைத்ததை இதனோடு ஒப்பிடலாம். அரண்மனையும் அங்காடியும் சேர்ந்தே துறவோரைப் புரந்தன.

காரவேலன் கல்வெட்டும் தமிழகமும்

உதயகிரியின் ஹாத்தி கும்பா, அதாவது யானைக் குகை, பெரிதும் இயற்கையாக அமைந்த குகை. அதன் நெற்றிப் பாறையில் 17 வரிகளில், பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் காரவேலன் என்னும் சேதி குல மன்னனின் வரலாறு பொறிக்கப்பட்டுள்ளது. அருகர்க்கும் சித்தர்க்கும் வணக்கம் கூறித் தொடங்கும் இக்கல்வெட்டு, அவன் ஆட்சியின் 13 ஆண்டுச் செயல்களை ஆண்டு வாரியாக அடுக்குகிறது. அதன் காலம் கி.மு. 1ஆம் நூற்றாண்டு எனப் பெரும்பாலோர் கொள்வர். அதற்கு முந்தைய நூற்றாண்டு என்பாரும் உளர்.

முதல் ஆண்டில் காரவேலன் செய்தது போரன்று. புயலால் சிதைந்த தலைநகரின் வாயில்களையும் மதில்களையும் புதுப்பித்ததே. 1999ஆம் ஆண்டின் பெரும்புயலையும் 2019ஆம் ஆண்டின் ஃபானி புயலையும் கண்ட ஒடிசா மக்களுக்கு இச்செய்தி புதிதன்று. ஐந்தாம் ஆண்டில், நந்த மன்னன் முன்னர் வெட்டிய கால்வாயைத் தலைநகர்வரை நீட்டித்தான். பன்னிரண்டாம் ஆண்டில் மகதத்தின்மேல் படையெடுத்து, நந்த மன்னன் கவர்ந்து சென்ற கலிங்க ஜினரின் திருவுருவை மீட்டு வந்தான். இப்பகுதியை அறிஞர்கள் படித்தவாறே கொண்டால், ஜினர் திருவுரு வழிபாடு கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றிருந்தது என்பதற்கு இது தலையாய சான்றாகும். பதின்மூன்றாம் ஆண்டில் குமரி மலையில் அருகர்க்கு உறைவிடங்கள் அமைத்தான்.

தமிழ்நாட்டோர்க்கு நேரே தொடர்புடைய செய்திகள் இரண்டு. பதினோராம் ஆண்டில் திரமிர தேச சங்காதம், அதாவது தமிழ் நாட்டரசர் கூட்டணி, உடைக்கப்பட்டதாக ஒரு வரி கூறுகிறது. பன்னிரண்டாம் ஆண்டுச் செய்திகளில், பாண்டிய மன்னனிடமிருந்து முத்தும் மணியும் வந்தன என ஒரு வரி கூறுகிறது. மாங்குளத்தில் பாண்டியர் கற்படுக்கை அமைத்ததும், குமரி மலையில் கலிங்கர் குகை குடைந்ததும் காலத்தால் நெருங்கியவை. படையாலும் திறையாலும் தொடர்புற்ற இரு நாடுகளின் ஆட்சியாளர்களும் ஒரே அறத்தைச் சார்ந்த துறவோர்க்கு உறைவிடம் அளித்தனர்.

கரையும் எழுத்து

இவ்விடத்தில்தான் மணற்கல்லின் இரண்டாம் குணம் வரலாற்றைத் தடுக்கிறது. தமிழர் கூட்டணி எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்று கூறும் தொடரைச் சிலர் 113 என்றும், சிலர் 1,300 என்றும் படித்துள்ளனர். நந்தர் கால்வாய்க்கும் காரவேலனுக்கும் இடையே சென்ற காலத்தைச் சிலர் 103 என்றும், சிலர் 300 என்றும் கொள்வர். எண்ணைக் குறிக்கும் தொடரே இரு பொருள் தரக்கூடியது. பாறை சிதைந்திருப்பது சிக்கலைப் பெருக்குகிறது. கல்வெட்டின் பிற்பகுதி வரிகளில் எழுத்துக்கள் பல இடங்களில் தேய்ந்துவிட்டன. மழைநீர் வழிந்த தடமும் குளவிக்கூட்டின் வடுவும் எழுத்துக்கோடு போலத் தோன்றிப் படிப்போரை மயக்கியிருக்கின்றன.

1820இல் ஸ்டெர்லிங் இக்கல்வெட்டைக் கண்டார். 1837இல் பிரின்செப் அதன் முதல் வாசிப்பை வெளியிட்டார். 1885இல் பகவான்லால் இந்திராஜி மன்னனின் பெயரைச் சரியாகப் படித்தறிந்தார். 1917 முதல் ஜெயஸ்வாலும் பானர்ஜியும் பல்லாண்டுகள் உழைத்துத் திருத்திய வாசிப்பை வெளியிட்டனர். பருவாவின் ஆய்வும் அக்காலத்தில் வந்தது. ஒவ்வொரு வாசிப்பும் முன்னதினின்று மாறுபட்டது. ஆதலின் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கூட்டணி என்று மேடையில் முழங்குவோர், அவ்வெண் ஒரு சிதைந்த பாறையின் ஐயத்திற்குரிய வாசிப்பு என்பதை மறத்தலாகாது. ஒரு பொருளைப் பல நோக்கில் ஆராய்ந்து, ஒருதலையாகச் சாதியாமை அநேகாந்தத்தின் பாடம். வரலாற்றுக்கும் அது பொருந்தும்.

ஜம்பைக் கல்வெட்டோ ஒரே வரிதான். சிற்பம் இல்லை, தாழ்வாரம் இல்லை, போர்ச்செய்தி இல்லை. ஆயினும் கடினப் பாறையில் வெட்டிய அவ்வரியின் எழுத்துக்கள் இன்றும் தெளிவாக நிற்கின்றன. மென்மையான கல் நிறையச் சொல்லிப் பாதியை இழந்தது. வன்மையான கல் சிறிதே சொல்லி அதனைக் காத்தது.

இருபத்து நால்வர்

காரவேலனுக்குப் பின்னும் குன்றுகள் தம் பெருமையை இழக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் சோமகுல மன்னன் உத்தியோதகேசரி காலத்தில் கண்டகிரியின் பழைய உறைவிடங்கள் சில, வழிபாட்டிடங்களாக மாறின. குலசந்திரரின் மாணவர் சுபசந்திரரின் பெயர் நவமுனி கும்பாக் கல்வெட்டில் உள்ளது. அக்குகையிலும் அடுத்துள்ள பாரபுஜி கும்பாவிலும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அவர்தம் சாசனதேவியரும் சுவரில் புடைப்புச் சிற்பங்களாக உள்ளனர். பன்னிரு கைகளுடைய தேவியின் உருவமே பாரபுஜி என்னும் பெயருக்குக் காரணம். அங்கு இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் நிரலாகக் காணலாம்.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இரு வரிசைகளாக வீற்றிருக்கும் இருபத்து நால்வரை வணங்கியோர்க்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது. அக்குன்றில்தான் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்ததைக் கூறும் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. கலிங்கத்துக் குன்றையும் முனிவர் பலர் வீடுபேறெய்திய தலமாகத் திகம்பர மரபு போற்றுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஜிநாலயம் கண்டகிரி உச்சியில் உள்ளது. உதயகிரியின் உச்சியிலோ, செம்புறாங்கல்லால் ஆன தூங்கானை வடிவக் கட்டடத்தின் அடித்தளம் அகழாய்வில் வெளிப்பட்டது.

காக்கும் கடமை

1948இல் புதிய தலைநகராகப் புவனேசுவரத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது இக்குன்றுகள் ஊருக்கு வெளியே காட்டோரத்தில் இருந்தன. இன்று நகரம் அவற்றைச் சூழ்ந்துவிட்டது. தாழ்வாரத் தூண்கள் பல முன்னரே விழுந்து, தொல்லியல் துறையால் புதியனவாக நிறுத்தப்பட்டுள்ளன. கூரை வழியே கசியும் மழைநீரும், தொட்டுப் பார்க்கும் கைகளும், பெயர் கிறுக்கும் ஆணிகளும் மணற்கல்லைச் சிறிது சிறிதாக உதிர்க்கின்றன. குன்றின் மேல் மரங்கள் உள்ளவரை மழையின் வேகம் தணியும்; மண் நிற்கும். மரம் அழிந்தால் நீர் நேரே பாறையில் பாயும். காட்டைக் காப்பதும் கல்வெட்டைக் காப்பதும் இங்கு ஒரே செயல்.

தமிழகத்துக் குன்றுகள் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றின் பகை வேறு. உதிராத கல் என்பதாலேயே அது விலைபோகும் கல்லாயிற்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் வெட்டிடங்களைக் கண்டோர், ஒரு குன்று சில ஆண்டுகளில் பள்ளமாவதை அறிவர். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, சமணக் கற்படுக்கையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருவுருவும் உடைய ஊர். அது 2022ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் அறிவிக்கப்பட்டபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. மலையை வழிபடுவோரும் மலையடியில் உழுவோரும் ஒன்றுபட்டால் மலை நிலைக்கும் என்பதற்கு அது சான்று.

எனவே யாத்திரை செல்லும் குடும்பத்தார் மேற்கொள்ளத்தக்க நெறிகள் சில உண்டு. பழஞ்சிற்பங்கள்மேல் எண்ணெயும் வண்ணமும் பூசாதிருத்தல். கற்படுக்கைகளில் செருப்போடு ஏறாதிருத்தல். குழந்தைகளுக்குக் கல்வெட்டின் இடத்தைக் காட்டி, தொடாமல் காணப் பழக்குதல். தம் ஊரருகே பெயரறியாத குன்றில் படுக்கையோ திருவுருவோ தென்பட்டால் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல். தகடூர் நாட்டின் பாறைக் குன்றுகளுள் இன்னும் முழுமையாக ஆராயப்படாதவை பல இருக்கக்கூடும். ஜம்பையின் ஒற்றை வரி ஈராயிரம் ஆண்டுகளுக்கு அண்மையாகக் காத்திருந்து 1981இல்தான் வெளிப்பட்டது. வெட்டுக்குழியாகாமல் நிற்கும் ஒவ்வொரு குன்றும் அத்தகைய ஒரு வரிக்கு இடம் தந்து நிற்கலாம்.

அஹிம்சை உயிர்களுக்கு மட்டும் உரியதன்று. நிலத்தையும் நீரையும் உயிருடையவையாகக் கருதி, அவற்றுக்கும் ஊறு செய்யாமை வேண்டும் என்பது ஜின தர்மம். காரவேலன் தன் குமரி மலையிலும் அதியமான் தன் பாழியிலும் அவ்வறத்தோர்க்கே இடம் அளித்தனர். அம்மன்னர்களின் அரண்மனைகள் மண்ணாயின. துறவோர் படுத்த கல் இன்றும் இருக்கிறது. அதனை அடுத்த தலைமுறைக்கு அவ்வாறே ஒப்படைப்பது இல்லறத்தாரின் பொறுப்பு.